ஒரு சேவல் போதுமா, ரெண்டு வைக்கலாமா?

வேண்டுமென்றே ரெண்டு சேவல் வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதுவாக வந்து சேர்வதுதான். பன்னிரண்டு முட்டையை அடைக்கு வைக்கிறோம், பத்து பொரிக்கிறது, அதில் நாலோ ஐந்தோ சேவலாக இருக்கும். கீரிக்கும் காக்காய்க்கும் போக மிஞ்சியதில் ரெண்டு மூன்று, மூன்றாம் மாதம் கொண்டை சிவந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும். நாலரை ஐந்து மாதத்தில் ஒருநாள் விடிகாலையில், தொண்டை கட்டினவன் கத்துகிற மாதிரி பாதியில் உடைந்துபோகிற ஒரு கூவல் கேட்கும். அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வருகிறது. விற்பதா, அறுப்பதா, வைத்துக்கொள்வதா, வைத்தால் பழையவனை என்ன செய்வது?

நான் நத்தம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் காலி இடம், ஒரு வேம்பு, ரெண்டு முருங்கை, ஒரு விறகு அடுக்கு. பதிமூன்று பெட்டை, எல்லாமே சிறுவிடை, அதாவது சின்ன உடம்பு நாட்டுக்கோழி. ஆறு வருடத்தில் சேவலே இல்லாமலும் இருந்திருக்கிறேன், ஒன்றோடும் ரெண்டோடும் மூன்றோடும் இருந்திருக்கிறேன். மூன்று வைத்த மாதத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். மற்றதை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சேவலே வேண்டாம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு அதுதான் சரியான பதில், அவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டை இடாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கில் முட்டையிடும் கோழிகளுக்கு நடுவே ஒரு சேவல்கூடக் கிடையாது. முட்டைக்குச் சேவல் வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேண்டும். இன்னொன்று, கரு கூடிய முட்டை நம் ஊர் சித்திரை வெயிலில் சமையலறையில் நாலைந்து நாள் கிடந்தாலே உள்ளே கரு வளர ஆரம்பித்துவிடும், உடைத்து ஊற்றினால் ரத்த இழை தெரியும். சேவல் இல்லாத வீட்டு முட்டையில் அந்தத் தொல்லை இல்லை. மொட்டை மாடியில் நாலு கோழி வைத்திருக்கிறவர், சுவரை ஒட்டிச் சுவராக அக்கம்பக்கம் இருக்கிறவர், குஞ்சு எடுக்கிற எண்ணமே இல்லாதவர், இவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். கோழி அடைக்கு உட்கார்ந்தால் தெரிந்தவர் வீட்டில் பத்து முட்டை வாங்கி வைத்தால் போயிற்று.

மேய்ச்சலுக்குத் திறந்துவிடுகிற இடமாக இருந்தால் கதை வேறு. அங்கே சேவலின் முதல் வேலை காவல். மேலே வல்லூறு வந்தால் ஒரு சத்தம், கீழே நாயோ கீரியோ வந்தால் வேறு சத்தம். வானத்துக்கு ஒல்லியாக, இழுத்து, ஒரே மூச்சில் கத்தும், அதைக் கேட்டதும் பெட்டைகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் செடிக்கடியில் ஓடி ஒடுங்கும். தரையில் வருவதற்கு கொக் கொக் கொக்கேக் என்று விட்டு விட்டுக் கத்தும், அப்போது பெட்டைகள் ஓடுவதற்கு முன்னால் கழுத்தை நீட்டி எங்கே என்று பார்க்கும். ஒரு மாதம் சும்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்கே ரெண்டும் பிரிந்து தெரியும்.

ஒரே சேவல் வைப்பதில் நிம்மதி அதிகம். எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. சிறுவிடை மாதிரி சுறுசுறுப்பான இனத்தில் பன்னிரண்டு பதிமூன்று வரைக்கும் ஒருவனே பார்த்துக்கொள்வான், என் வீட்டில் கூமுட்டை ஒரு அடைக்கு ஒன்று ரெண்டைத் தாண்டியதில்லை. சண்டை கிடையாது, தீவனச் செலவு குறைவு, எந்தக் குஞ்சுக்கு யார் அப்பன் என்பதில் குழப்பமும் கிடையாது.

அந்த ஒருவன் போய்விட்டால்? எனக்குப் போனது. ஒரு புரட்டாசி மாதம், மத்தியானம், தெருநாய் வேலிச் சந்தில் புகுந்துவிட்டது. பெட்டைகள் எல்லாம் முருங்கையிலும் விறகு மேலும் ஏறிவிட்டன, இவன் மட்டும் இறங்கி நின்றிருக்கிறான். நான் கம்போடு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது, சிவப்பு இறகு வேலி வரைக்கும் கோடு போட்ட மாதிரி கிடந்தது. அப்போது வேறு சேவல் கைவசம் இல்லை. நல்ல வேளையாக ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சேவல் ஒருமுறை மிதித்தால் பெட்டையின் உடம்புக்குள் விந்து ரெண்டு வாரம் வரைக்கும், சிலதில் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் அவன் செத்த மறுநாளிலிருந்து எட்டு நாள் இட்ட முட்டையை ஒன்றுகூடச் சாப்பிடாமல் தேதி எழுதிச் சேர்த்து, பதினொன்றை அடைக்கு வைத்தேன். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்பதில் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடியிருந்தது. இருபத்தோராம் நாள் ஒன்பதும் பொரித்தன. இப்போது வாசலில் நிற்கிற சேவல் அந்த ஒன்பதில் ஒன்று, அப்பன் செத்த பிறகு உருவானவன்.

இது எல்லோருக்கும் எப்போதும் வாய்க்காது. வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் நாய் மாதிரி ஒன்றோடு நிற்காது, அதற்குத் தடுப்பூசியைத் தவிர வேறு மருந்து கிடையாது (ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஊசி, இதைச் செய்யாமல் எத்தனை சேவல் என்று யோசிப்பதே வீண்). ஆனால் நாய், பாம்பு, திருட்டு, கோயிலுக்குக் கேட்டு வந்த மாமா என்று ஒரு சேவல் போவதற்கு வழி நிறைய உண்டு. ஒன்றே ஒன்று வைத்திருப்பதில் உள்ள ஓட்டை இதுதான்.

சரி, ரெண்டை ஒன்றாக விட்டால் என்ன நடக்கும்? இங்கேதான் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எல்லாமே உண்மையாகவும் இருக்கும், ஏனென்றால் எந்த ரெண்டு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

ஒரே அடையில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்த அண்ணன் தம்பி என்றால் பெரும்பாலும் ஓடிவிடும். நாலு மாதம் ஆகும்போது ரெண்டு மூன்று நாள் முறைத்துக்கொள்வார்கள், குதிப்பார்கள், ஒருவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்குவான், அதோடு யார் பெரியவன் என்று முடிவாகிவிடும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு படிவரிசை இருப்பதை நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்தார், சின்ன வயதிலிருந்தே தன் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கூவுவதில்கூட அந்த வரிசை உண்டு. ஜப்பானில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், விடிகாலையில் முதலில் கூவுவது எப்போதும் மேல்படியில் இருக்கிற சேவல்தான், அது கூவின பிறகு அடுத்தடுத்தவன் தன் முறைக்குக் கூவுகிறான், மேலே இருப்பவனை எடுத்துவிட்டால் ரெண்டாமவன் ஆரம்பித்துவைக்கிறான் என்று கண்டார்கள். என் வீட்டிலும் அப்படியே. பெரியவன் மூன்றே முக்காலுக்கு ஆரம்பிப்பான், முடிக்கிற வரைக்கும் சின்னவன் கூண்டுக்குள் சிறகை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டு காத்திருப்பான். ஆக, ரெண்டு சேவல் என்றால் கூவல் ரெண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், அதற்கும் மேல்தான். ஒருவனுக்கு ஒருவன் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த ஒரு காரணமே போதும்.

அப்பன் மகன் என்றால் ஒரு வருடம் வரைக்கும் பெரிதாக ஒன்றும் வராது. மகன் அப்பனைக் கண்டால் வளைந்து போவான். அந்த சமயத்தில் அவன் பண்ணுகிற திருட்டுத்தனத்தைப் பார்க்க வேண்டும். பெரிய சேவலுக்கு ஒரு கறையான் கிடைத்தால் கொக் கொக் கொக் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பெட்டையைக் கூப்பிட்டு, தூக்கிப் போட்டுப் போட்டுக் காட்டுவான். சின்னவன் அதே தலையாட்டலை, அதே தூக்கிப்போடுதலைச் சத்தமே இல்லாமல் செய்வான், பெரியவன் காதில் விழக்கூடாது என்று. இதைப் பார்த்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். அப்புறம் படித்துப் பார்த்தால் ஆஸ்திரேலியாவில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள், கீழ்ப்படிச் சேவல் சத்தத்தை அடக்கிக்கொண்டு சைகை மட்டும் காட்டும் என்று.

ஆனால் மகனுக்குக் கால்முள் வளர்ந்து, அப்பனுக்கு வயது ஏறுகிற வருடம் ஒன்று வரும். எங்கள் வீட்டில் அது ஒரு மழை நாள் காலையில் வந்தது. ரெண்டும் கழுத்து மயிரைக் குடை விரித்த மாதிரி விரித்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு, தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து நின்றன. முன்பெல்லாம் அரை நிமிடத்தில் மகன் திரும்பிக்கொள்வான், அன்று திரும்பவில்லை. நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பிரித்தேன், பத்து நிமிடத்தில் விறகுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்துவிட்டன. சாயங்காலம் பார்த்தால் கிழவனுக்கு ஒரு கண் மூடிக் கொண்டை கிழிந்து தொங்குகிறது. தோற்ற சேவல் அதற்குப் பிறகு சேவலாகவே இருக்காது, தீவனத்துக்கு வராது, மூலையில் நிற்கும், பெட்டைகூட அதைக் கொத்தும். பார்க்கச் சகிக்காது.

வெளியிலிருந்து வாங்கி வந்த சேவலை வீட்டுச் சேவலோடு விடுவது மூன்றாவது வகை. விடாதீர்கள், அவ்வளவுதான். சண்டை ஒருபக்கம், நோய் ஒருபக்கம். நான் சந்தையில் ஒரு கருப்புச் சேவலை ஆசைப்பட்டு வாங்கி அன்றைக்கே உள்ளே விட்டேன், நாலாம் நாள் அது சளி பிடித்து கொர் கொர் என்றது, எட்டாம் நாள் பாதிக் கோழிகளும் கண் வீங்கி நின்றன. குறைந்தது மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுச் சேவலை அப்புறப்படுத்தின பிறகு அதை உள்ளே விட வேண்டும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். மேலே சொன்னதெல்லாம் சிறுவிடைக்கு. பெரிய உடம்புப் பெருவிடை, சண்டைக்கு வளர்க்கிற கட்டுச்சேவல் வழி வந்தது என்றால் அண்ணன் தம்பி உறவெல்லாம் அதற்குத் தெரியாது, ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றின் கண்ணில் இன்னொன்று படக்கூடாது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள், வட்டெழுத்துக் கல்வெட்டோடு, அவ்வளவு பழைய ரத்தம் அது. வேடிக்கை பார்க்க ஒன்றோடொன்று மோதவிடுவது 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குச் சேவல் கேட்டு நம் வாசலுக்கு வருகிற அண்ணன்மார் அதைச் சொல்லமாட்டார்கள்.

சண்டையைவிடப் பெரிய பிரச்சினை பெட்டைகளுக்குத்தான், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இருபது பெட்டைக்கு ரெண்டு சேவல் என்றால் ஆளுக்குப் பத்து என்று தாளில் சரியாக வரும். சேவலுக்குக் கணக்குத் தெரியாது. ரெண்டுக்கும் அதே நாலு பெட்டைதான் பிடிக்கும். முதலில் முதுகில், வால் ஆரம்பிக்கிற இடத்தில், இறகு முறிந்து குச்சி குச்சியாக நிற்கும், அப்புறம் மொட்டையாகும், அப்புறம் கால்முள் பட்டுத் தோல் கிழியும். சிறகை ஒருமுறை தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், விலாவில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கும், ஈ மொய்த்துப் புழு வைக்க ரெண்டு நாள் போதும். என்னுடைய சாம்பல் பெட்டை அப்படித்தான் பத்து நாள் பஞ்சாரக் கூடைக்குள் இருந்தது, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி. அது வெளியே வந்த அன்றே ரெண்டாம் சேவலை விற்றேன்.

பெட்டையும் சும்மா இருப்பதில்லை என்பது வேறு விஷயம். கீழ்ப்படிச் சேவல் வலுக்கட்டாயமாக மிதித்தால் அதன் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுகிறது என்று 2000ஆம் வருடம் ஓர் ஆய்வு வந்தது. அதாவது ரெண்டாவது சேவலை வைத்திருப்பதால் பொரிப்பு பிரமாதமாகக் கூடிவிடும் என்பதெல்லாம் சும்மா. காயம்தான் கூடும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு சேவல் நாளைக்குச் சுமார் நூறு கிராம் தின்னும், மாதம் மூன்று கிலோ. மேய்ச்சலில் பாதி போக ஒன்றரை கிலோ நாம் போட வேண்டும், கம்பும் குருணையும் கலந்து கிலோ 33 ரூபாய் என்றால் மாதம் 50 ரூபாய். ஐந்து மாதத்தில் ஒன்றேகால் கிலோ வந்த சேவல், ஒரு வருடத்தில் போனால் போகட்டும் என்று ஒன்றே முக்கால் கிலோ வரும். எங்கள் பக்கம் நாட்டுக்கோழி உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று எடுக்கிறார்கள். கூடுதல் அரை கிலோவுக்கு 200 ரூபாய் வரவு, ஏழு மாதத்துக்கு 350 ரூபாய் செலவு. விற்கப்போகிற சேவல் என்றால் ஐந்தாறு மாதத்தில் விற்றுவிடுங்கள், ஆடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் என்றால் விலையும் கொஞ்சம் ஏறும். கடைத் தீவனம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை நாலு சதவீதம் இருக்கும், சேவலுக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை, நாளாக ஆகச் சிறுநீரகத்துக்கு ஆகாது. வளர்கோழித் தீவனத்தைப் பொதுவாகப் போட்டு, கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய பெட்டை தின்றுகொள்ளும்.

ஆனால் எல்லாச் சேவலையும் விற்க முடியாது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்று ஒன்று பாதி வீட்டில் இருக்கும். அதை விற்கவும் முடியாது, விருந்துக்கு அறுக்கவும் முடியாது, திருவிழா எப்போது வைப்பார்கள் என்பது ஊர்ப் பெரியவர்கள் கையில். ஒரு வருடம் தள்ளிப்போனால் சேவலும் ஒரு வருடம் நிற்கும். எனக்கு ரெண்டாம் சேவல் வந்து சேர்ந்த கதையே அதுதான். இந்த மாதிரி நிலைமையில் ரெண்டையும் பிரித்து வைப்பது ஒன்றுதான் வழி.

பிரித்து வைப்பதில் நான் ரெண்டு விதமும் பார்த்தேன். ஒன்று, மாற்றி மாற்றி விடுவது. நாலு நாள் இவன் வெளியே, நாலு நாள் அவன். பெட்டைக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை மிதித்தாலே கரு கூடும் என்பதால் பொரிப்பில் குறை வராது. ஆனால் கம்பி வலை மட்டும் இருந்தால் உள்ளே இருக்கிறவனும் வெளியே இருக்கிறவனும் வலைக்கு ரெண்டு பக்கமும் நின்று நாள் பூராவும் மோதிக்கொண்டு கொண்டையைக் கிழித்துக்கொள்வார்கள். கீழே ரெண்டடி உயரத்துக்குச் சாக்குப் படுதா கட்டினேன், கண்ணில் படாததும் அடங்கிவிட்டார்கள். பஞ்சாரத்துக்குள் கவிழ்த்தே நாலு நாள் வைப்பது பாவம், நாலுக்கு ஆறடியாவது வலை போட்ட அறை வேண்டும். எந்த முட்டை யாருடையது என்று தெரிய வேண்டும் என்றால் இந்த முறை ஆகாது, ஒருவனை முழுதாக எடுத்து மூன்று வாரம் கழித்து இட்ட முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும். கருங்கோழியும் சிறுவிடையும் கலந்து வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, இளஞ்சேவல்களை மட்டும் தனியாக ஒரு கூட்டில், பெட்டையே இல்லாமல் வளர்ப்பது. நான் நம்பவில்லை, ஆனால் ஆச்சரியமாக அமைதியாக இருந்தார்கள், நாலு பேர், ஒரே தொட்டியில் தின்றுகொண்டு. பெட்டை கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும். ஒருநாள் ஒரு விடைக்கோழி (இளம் பெட்டை) தவறி உள்ளே புகுந்துவிட்டது, அன்றோடு நட்பு முடிந்தது.

என் முடிவைக் கேட்டால்: பதினைந்து பெட்டைக்குக் கீழே என்றால் வெளியே ஒருவன், வளரும் ஒருவன். ரெண்டு முழுச் சேவல் கிடையாது, ஒரு சேவலும் அவனுக்கு அடுத்து வரப்போகிற ஒரு இளஞ்சேவலும். நாய் தூக்கினால் கைவசம் ஆள் இருக்கும், சண்டை வருகிற வயதுக்குள் ஒருவன் கைமாறிவிடுவான். இருபத்தைந்து முப்பது பெட்டை, கால் ஏக்கர், மறைந்து நிற்கச் செடியும் புதரும், ரெண்டு மூன்று இடத்தில் தீவனச் சட்டி இருந்தால் தாராளமாக அண்ணன் தம்பி ரெண்டு பேரை விடலாம், ஒருவன் முகம் கொடுக்காமல் ஒருவன் வாழ இடம் இருக்கும். என் எட்டு சென்டில் அது நடக்காது, முயற்சி பண்ணியாயிற்று.

இப்போது இருக்கிற இளஞ்சேவலுக்கு ஆறு மாதம். பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, ஒங்க செவலையக் குடுங்க, எங்க வெள்ளையத் தாரேன், ரெண்டு வருசமா ஒரே சேவதான், குஞ்சு சின்னஞ்சிறுசாப் பொரிக்குது" என்று கேட்டிருக்கிறார். எனக்கும் அதேதான் பிரச்சினை, அப்பன் மகள் பேத்தி என்று ஒரே ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. தை பிறந்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. வெள்ளையன் வந்தால் மூன்று வாரம் தனி அறை. அந்த அறையில் இப்போது செவலை இருக்கிறான், நேற்று சாக்கின் ஓரத்தைக் கொத்தி ஒரு சாண் ஓட்டை போட்டு, அதில் கண்ணை வைத்து அப்பனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாளைக்கு வேறு சாக்கு கட்ட வேண்டும்.